அக்காவின் முதுகுக்காக ஒரு ஜெபம்

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய், மூக்குக் கண்ணாடிக் கடை வேலையும் சிரமமில்லாமல் போகும் என்று நம்புகிறேன்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்துவிட்டது. முதல் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஆசிரியர்கள் எல்லோரும் சிற்றாலயத்தில் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தோம். பொய் சொல்ல மாட்டேன், குடிக்க மாட்டேன், என் வீட்டை ஒழுங்காக நடத்துவேன், சகோதரன் தவறும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். இந்த வருஷம் நன்னடத்தைக் குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். வேதியியல் ஆய்வகத்தில் மாணவர்கள் சோதனைக்குக் கொடுத்த உப்பின் பெயரை உதவியாளரிடம் கேட்டுக்கொண்டு, தாங்களே கண்டுபிடித்ததுபோல எழுதுவதைக் கையும் களவுமாகப் பிடிப்பவன் என்பதால் எனக்குக் கண்டிப்பானவன் என்று பெயர் வந்துவிட்டது.

எங்கள் ஒழுங்கைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேனா? ஒருவர் தவறு செய்தது தெரிந்தால் ஊரெல்லாம் பேசக் கூடாது. முதலில் தனியாக அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கேட்கவில்லையென்றால் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கும் மசியவில்லையென்றால் குழுவுக்கு வரும். நல்ல ஒழுங்குதான். ஒரே ஒரு சங்கடம், இங்கே யாரும் யார் வீட்டுக்கும் சும்மா போவதில்லை. யாராவது கதவைத் தட்டினால், என்ன தவறு செய்தோம் என்று வீட்டுக்காரர் யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

உன் தம்பி மனைவி உனக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள். சமையலறையில் வேலையாக இருப்பதால் தனியாக எழுதவில்லை.

உன் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 25

அன்புத் தம்பிக்கு,

அக்கா நலம். நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டுவிட்டேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. தம்பி மனைவியின் அன்பும் வந்து சேர்ந்தது. அதை உரியவளிடமே வாசித்துக் காட்டினேன். அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து என் பழைய போர்வைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். "சமையலறையில வேலையா இருக்கேனாமா? என்ன சமைக்கிறேன்னு எழுதலையா?" என்று கேட்டாள். சிரித்தாளா என்று கேட்காதே. நான்தான் சிரித்தேன். அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

மே மாதக் கடைசியில் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். "அங்க போனா எல்லாரும் அழுவாங்க அண்ணி. நீங்க அழ மாட்டீங்க" என்றாள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அவள் அங்கே வந்தாளா என்று நீ ஒரு வரி எழுதுவாய் என்று காத்திருந்தேன். "நாங்கள் இருவரும் நலம்" என்று எழுதியிருக்கிறாய். அடேய், என்னடா செய்தாய்? அவள் வாயைத் திறக்கவில்லை. தோண்டித் துருவ எனக்கும் மனசில்லை.

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவள் உன்னிடம் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் தூங்கினேன். அவள் அம்மா வீட்டுக்கு எழுதிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. எங்களுக்குள் சின்ன மனஸ்தாபம், அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் இல்லை. எப்போது வருகிறாள் என்று மட்டும் கேட்டு எழுது. இனிமேல் கார்டில் எழுதாதே, உறையில் போட்டு ஒட்டி அனுப்பு. இங்கே தபால் முதலில் அலுவலகத்துக்குத்தான் போகும்.

இங்கே ஒரு விஷயம் நடந்திருக்கிறது. எங்கள் கணித ஆசிரியர் சின்னப் பையன், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்கே அவன் அம்மா அலுவலகத்துக்குப் போன் பண்ணினார். நான்தான் எடுத்தேன். "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "எனக்கென்ன, குத்துக்கல் மாதிரி இருக்கேன்" என்றார். அவன் வேறு கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தான்.

நேற்று மாலை அவன் அறைக்குத் தனியாகப் போனேன். கட்டிலில் விடைத்தாள்களைப் பரப்பி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. பொய்தான் என்று ஒத்துக்கொண்டான். ஆனால் வருத்தப்படவில்லை. "வேற வேலை தேடப் போறேன்னு சொன்னா லீவு குடுத்திருப்பீங்களா சார்?" என்று கேட்கிறான். வருந்தாதவனை எப்படி விடுவது? அடுத்து இரண்டு பேரோடு போக வேண்டியிருக்கும். எனக்கு இதில் சந்தோஷம் இல்லை அக்கா. ஆனால் ஒரு பொய்யை விட்டுவிட்டால் அப்புறம் எதைப் பிடிப்பது?

தம்பி

ஆகஸ்ட் 3

ஆண்டவருக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் தம்பி வேலை செய்யும் கல்லூரியின் போதகர் எழுதுகிறேன். நாம் சந்தித்ததில்லை, ஆனாலும் உங்கள் முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மாதமாக ஒவ்வொரு காலையும் சிற்றாலயத்தில் அதற்காக ஜெபிக்கிறோம். எழுந்து உட்கார முடியாமல் படுத்த படுக்கையாக இருக்கிறீர்கள் என்றும், உங்கள் தம்பி மனைவி பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் தம்பி சொன்னார்.

எனக்கும் முதுகுவலி உண்டு, அந்த உரிமையில் சொல்கிறேன். இந்த விஷயத்தில் அவசரமே கூடாது. எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். உங்கள் தம்பி மனைவியிடம், அவர்கள் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் அங்கே இருக்கலாம், இங்கே யாரும் ஒன்றும் நினைக்கவில்லை என்று சொல்லுங்கள். நான் விசாரித்ததாகவும் சொல்லுங்கள். அவர்களுக்கு என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் சொல்ல வேண்டாம்.

தம்பி இளைத்துவிட்டார். சொல்லத் தோன்றியது.

உங்கள் சுகத்துக்காக வேண்டும்,
போதகர்

ஆகஸ்ட் 9

அன்புத் தம்பிக்கு,

படுத்த படுக்கையிலிருந்து அக்கா எழுதுவது. இன்றைக்குக் காலையில் இரண்டு பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். கடையில் பத்து மூக்குக் கண்ணாடிகளுக்குக் காது வளைத்துக் கொடுத்தேன். இந்த அழகில் ஒரு கல்லூரியே எனக்காக ஜெபிக்கிறதாம், உங்கள் போதகர் எழுதியிருக்கிறார். எனக்கு எப்போது முதுகு போனது, எப்படிப் போனது என்று எனக்கும் கொஞ்சம் எழுதினால் நல்லது. யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது பார்.

சிரிக்கத்தான் எழுதினேன், சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்ன அந்தப் பையனை நீ பிடித்துக்கொண்டு நிற்கிறாய். உன் அக்காவை என்ன செய்தாய்?

போதகர் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு அவளே பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் கேள்.

"குழந்தை போனதுக்கப்புறம் காலை ஆராதனைக்குப் போக முடியல அண்ணி. அங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு ஒரு விஷயத்துக்கு நன்றி சொல்லணும். ஒரு நாள் எந்திரிச்சு, எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு உக்காந்தேன். அதோட போறத நிறுத்திட்டேன். இவரு சாப்பாட்டு மேசையில எதிர்ல உக்காந்து, 'உன்கிட்ட தனியா ஒண்ணு சொல்லணும்'னாரு. வீட்ல இருக்கிறதே ரெண்டு பேரு. இதுல தனியா என்ன? கொஞ்ச நாள் கழிச்சு போதகரையும் துணை முதல்வரையும் கூட்டிட்டு வந்தாரு. நான் டீ போட்டுக் குடுத்தேன். மூணு பேரும் ஒரு பக்கம் உக்காந்திருந்தாங்க. இவரும் அந்தப் பக்கம்தான் அண்ணி. மறுநாள் பெட்டிய எடுத்தேன்."

கட்டின பெண்டாட்டிக்குச் சாட்சி கூட்டிக்கொண்டு வந்தவனை நான் கேள்விப்பட்டதே இல்லை. போதகருக்கு என்ன பதில் எழுதட்டும்? உண்மையை எழுதினால் உன் வேலையும் கல்லூரி கொடுத்த வீடும் போகும். எழுதாவிட்டால் நானும் பொய்க்காரி. நீயே சொல்.

அக்கா

செப்டம்பர் 2

அக்கா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பல தடவை உட்கார்ந்தேன்.

அவள் சொன்னது எல்லாம் உண்மை. என் பக்கத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதை நியாயம் என்று சொல்லவில்லை. அவள் ஆராதனைக்கு வராததை எல்லோரும் கவனித்தார்கள். யாராவது வந்து கதவைத் தட்டிவிடுவார்களோ என்று பயந்தேன். வெளியாள் வந்து சொல்வதற்கு முன் நானே சொன்னால் அவளுக்கு வலி குறையும் என்று நினைத்தேன். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் மறுநாளும் ஆராதனைக்கு வரவில்லை. கேட்கவில்லை என்றால் அடுத்தது இரண்டு பேர். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை அக்கா. இத்தனை வருஷம் இந்த ஒரு வழியில்தான் நடந்து பழக்கம்.

அவள் போன மறுநாள் அலுவலகத்தில் கேட்டார்கள். வாயில் வந்தது உன் முதுகு.

மாலையில் முன் அறைக் கதவைப் பாதி திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஆசிரியர்கள் பேசிக்கொண்டே நடந்து வருவார்கள். என் வீட்டு வாசல் வந்ததும் பேச்சு நிற்கும், தாண்டியதும் மறுபடி தொடங்கும். ஒரு தட்டுக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? நான் அதை நிதானமாகக் கழுவுகிறேன், வேறு வேலை இல்லை. ஆய்வகத்தில் எல்லோரும் போன பிறகு கண்ணாடிக் குழாய்களிடம் பேசுகிறேன் என்று உதவியாளர் சிரித்தார். யாராவது வந்து என்னைக் கண்டித்தால்கூடப் பரவாயில்லை, உட்காரச் சொல்லலாமே என்று இருக்கிறது.

அந்தப் பையன் விஷயம் அடுத்த மாதம் குழுவுக்கு வருகிறது. அது முடியட்டும், நானே சொல்லிவிடுகிறேன். அதுவரை போதகருக்கு எழுதாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

செப்டம்பர் 12

தம்பி,

நலம்தானே? சாப்பிடுகிறாயா?

போதகருக்கு எழுதிவிட்டேன். நீ கெஞ்சிய கடிதம் வருவதற்கு முன்பே எழுதிவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் அப்படி இல்லை. வந்த பிறகுதான் எழுதினேன். "என் முதுகு நிமிர்ந்துதான் இருக்கிறது. ஜெபத்தைத் தம்பி பக்கம் திருப்பிவிடவும்." அவ்வளவுதான். அவர் படித்தவர், புரிந்துகொள்வார்.

அவளை அனுப்பிவைக்கச் சொல்லி நான் ஒரு தடவைகூட அவளிடம் பேசவில்லை, அது உனக்குத் தெரிய வேண்டும். அவளுக்காக மட்டும் இல்லை. எத்தனையோ வருஷமாக நான் தனியாள். காலையில் இன்னொருத்தி பல் தேய்க்கும் சத்தம் வீட்டில் கேட்கிறது. கடையிலிருந்து வந்தால், "ஏன் லேட்டு?" என்று கேட்க ஆள் இருக்கிறது. நீ அங்கே ஒற்றைத் தட்டைக் கழுவுவதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அவளைப் போ என்று சொல்ல வாய் வரவில்லை.

எழுது. எழுத ஒன்றும் இல்லையென்றாலும் எழுது.

அக்கா

அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

குழு கூடியது. முதல்வர் தலைமை. செயலாளர் என்ற முறையில் நான்தான் எழுந்து குற்றத்தை வாசித்தேன். தாயாருக்கு நோய் என்று பொய் சொன்னார், தனியாகச் சொல்லியும் சாட்சியோடு சொல்லியும் வருந்தவில்லை. என் குரல் எனக்கே கேட்டது. அந்தப் பையன் மறுக்கவில்லை. இந்த மாதத்தோடு போகலாம் என்று முடிவானது. எல்லோரும் எழுந்தபோது அவன் என் பக்கம் திரும்பி, "அக்காவுக்கு முதுகு பரவாயில்லையா சார்?" என்று கேட்டான். கிண்டல் இல்லை. மரியாதையாகக் கேட்டான். "பரவாயில்ல" என்று சொன்னேன். அக்கா, அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. போதகர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அவர் மனைவி என்னைப் பார்த்துப் பயந்துபோனார். "யாரையும் குத்தம் சொல்ல வரல, என்னையேதான்" என்றேன். எல்லாவற்றையும் கொட்டினேன். போதகர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "தெரியும்" என்றார். "உங்க அக்கா எழுதுறதுக்கு முன்னாலயே தெரியும். எல்லாருக்கும் தெரியும். அவங்க பெட்டியோட போனத பாதிப் பேரு பாத்தாங்க."

"தெரிஞ்சா ஏன் வந்து சொல்லல?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்கூட வந்தது. "வந்து சொன்னா அது முதல் படி. அப்புறம் ரெண்டு பேரு, அப்புறம் குழு. தொடங்கினா நிறுத்த முடியாது. யாரும் தொடங்க வேண்டாம்னு எல்லாரும் ஒதுங்கி இருந்தோம். நான் ஒரு தடவை உங்க வீட்டுக்கு வந்தேன், மறுநாள் ஒரு பொண்ணு வீட்ட விட்டுப் போச்சு. திரும்பவும் எந்த முகத்தோட வர்றது?" என்றார். அதனால்தான் தினமும் உன் முதுகுக்காக ஜெபித்திருக்கிறார். என்னைச் சொல்ல முடியாமல் உன் முதுகைச் சொல்லியிருக்கிறார்.

அந்த வாசலில் பேச்சு நின்றதெல்லாம் இரக்கம். நான் அதை வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்லூரியே என் கதவைத் தட்டாமல் இருந்தது. நான் போய் அந்தப் பையன் கதவைத் தட்டினேன்.

முதல்வரிடமும் சொன்னேன். குழு கூடி என்னை மன்னித்துவிட்டது. நானாக வந்து சொன்னேனாம், பழைய ஆளாம். கைகுலுக்கினார்கள். அப்படியானால் அந்தப் பையனையும் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். அவன் வருந்தவில்லையே என்றார்கள். வருஷக் கடைசியோடு விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதை அவளிடம் வாசித்துக் காட்டு. ஒருவேளை அவள் வருவாளா என்று கேட்டுப் பார்.

தம்பி

நவம்பர் 1

வணக்கம்.

நலமாக இருக்கிறேன். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி உங்கள் கடிதத்தை வாசித்தார்கள். உண்மையைச் சொன்னது நல்லது. எனக்காகச் சொன்னதாக நினைக்க வேண்டாம், உங்களுக்காகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் நல்லதுதான்.

போதகரிடம் சொன்னீர்கள், முதல்வரிடம் சொன்னீர்கள், குழுவிடம் சொன்னீர்கள், அண்ணிக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். நான் இந்த வீட்டில் இத்தனை மாதமாக இருக்கிறேன். எனக்கு ஒரு கார்டு வரவில்லை. நான் எப்போது வருகிறேன் என்பதைக்கூட அண்ணியிடம் கேட்டு எழுதச் சொல்கிறீர்கள். இன்னும் நம் நடுவில் ஒரு சாட்சி தேவைப்படுகிறது உங்களுக்கு.

அன்று மாலை நீங்கள் என்னைக் கண்டித்தது எனக்கு மறந்துபோகும். நீங்களும் குழந்தையை இழந்தவர் என்பதை ஒரு வார்த்தையில்கூடக் காட்டிக்கொள்ளாமல் அவர்களோடு உட்கார்ந்திருந்தது மறக்காது.

கோபம் இல்லை. களைப்பாக இருக்கிறது.

இப்படிக்கு,
நான்

நவம்பர் 30

அன்புள்ள உனக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அக்காவைக் கேட்டு எழுதவில்லை, உன்னிடமே கேட்கிறேன். நலமா?

உன் கடிதம் வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. கணித ஆசிரியரைத் தேடிப் போனேன். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். நேர்முகத் தேர்வுக்குப் போன வேலையும் அவனுக்குக் கிடைக்கவில்லை, எங்கள் கல்லூரியில் விசாரித்தார்களாம். அதிலும் என் கைதான் இருக்கிறது.

கதவைத் தட்டினேன். திறந்து, என்னைத் தாண்டிப் படிக்கட்டைப் பார்த்தான். "சாட்சி ரெண்டு பேரும் கீழ நிக்கிறாங்களா சார்?" என்றான்.

"யாரும் இல்ல. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?"

எல்லாம் சொன்னேன். அக்காவுக்கு ஒன்றும் இல்லை, நீ போய்விட்டாய், நான் சொன்னது பொய் என்று. தெரியும் என்றான். தெரிந்தும் ஏன் குழுவில் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லணும்னா முதல்ல உங்க வீட்டுக்குத் தனியா வந்து சொல்லியிருக்கணும். அதானே சார் ஒழுங்கு? நீங்களே வீட்ல ஒத்தையா உக்காந்திருந்தீங்க. வர மனசு வரல. அதனால சொல்லல" என்றான். மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகள் வரும் நேரம் என்றான். கீழே இறங்கி வந்து சைக்கிள் கடை வாசலில் வெகு நேரம் நின்றேன். கடைக்காரர் காற்றடிக்க வேண்டுமா என்று கேட்டார், என்னிடம் சைக்கிளே இல்லை.

இதை உனக்கு நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ள எழுதவில்லை. இன்றைக்கு நடந்ததை முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

குழந்தையைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசவில்லை. அந்தச் சின்னப் பெட்டியை நான்தான் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கனமே இல்லை. வழியில் யாரோ, இரண்டு கையாலும் பிடியுங்கள் என்றார்கள். அதற்கு எதற்கு இரண்டு கை என்று எனக்குள் ஒரு ஆத்திரம் வந்தது. அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆத்திரத்தோடுதான் தினமும் காலையில் எழுந்து நின்று எதற்காவது நன்றி சொன்னேன். நீ ஒன்றும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தாயே, அந்தச் சிற்றாலயத்தில் அன்றைக்கு நீ ஒருத்திதான் உண்மை பேசினாய். உன்னைத்தான் நான் கண்டித்தேன்.

உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வா என்று கூப்பிடவில்லை. நீ இருக்கும் இடத்தில் இரு. இதற்குப் பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை.

அது பொய். எழுது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்